இந்தக் கோடை ஒன்றுகூடலைப் பாலத்தடியில் தொடங்காதீர்கள்: ஒரு திறந்த மடல்

சுவிஸில் தமிழ்ப் பாடசாலைகளுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் கோடை ஒன்றுகூடல் ஒழுங்கு செய்கிற நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

ஓகஸ்ட் மாத ஒன்றுகூடலுக்கான துண்டுப்பிரசுரம் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. வழக்கம்போலத் தெற்கே திச்சினோ மாநிலம், வழக்கம்போல வெர்சாஸ்கா ஆறு, வழக்கம்போல லாவெர்தெட்சோவின் இரட்டை வளைவுக் கல்பாலத்தடி. புறப்படும் நேரம் போட்டிருக்கிறீர்கள், மதியச் சாப்பாடு போட்டிருக்கிறீர்கள், சங்கீதக் கதிரைக்கு யார் பொறுப்பு என்பதும் இருக்கிறது. ஆற்றைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, பயணத் திட்டத்தையே மாற்றச் சொல்லிக் கேட்பதுதான் சரி என்று பட்டது.

நான் கேட்பது இதுதான். நேராகப் பாலத்தடியில் போய் இறங்கி, மாலை வரை அங்கேயே கிடந்துவிட்டுத் திரும்புவதை விடுங்கள். காலையில் பஸ்ஸில் பள்ளத்தாக்கின் மேல் முனையில் இருக்கும் சொனோன்யோவுக்குப் போவோம். அங்கிருந்து ஆற்றோடு கீழே நடந்து, பிற்பகலில் பாலத்துக்கு வந்து சேர்வோம். பாலம் எங்கேயும் போகாது.

பாலத்தடியில் ஒரு முழுநாள் எப்படிக் கழிகிறது என்று உங்களுக்கே தெரியும். 2017இல் ஒரு காணொளி அந்த இடத்தை மிலானுக்குப் பக்கத்தில் இருக்கும் மாலைதீவு என்று காட்டி இணையத்தில் பரவிய பிறகு, கோடை வார இறுதிகளில் அங்கே துவாய் விரிக்கவும் இடமில்லை. பதினொரு மணிக்குப் பாறை சுடத் தொடங்கும். பெரியவர்கள் நிழல் தேடிப் போய்விடுவார்கள். சாப்பாடு முடியும். சிலர் மறைவாக இரண்டு பியரும் முடிப்பார்கள் (இதைத் துண்டுப்பிரசுரத்தில் எதிர்பார்க்கவில்லை, ஆனால் நாம் எல்லோரும் பார்த்ததுதானே). இளம் பெடியன்களுக்கு அலுப்புத் தட்டும். செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் ஒருவன் பாலத்தில் ஏறுவான், மற்றவன் படம் பிடிப்பான். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, வெயிலில் உடம்பு கொதிக்க, ஆழம் தெரியாத தண்ணீரில் குதிப்பது: நீந்தும்போது செய்யக்கூடாதவை என்று இந்த நாட்டு உயிர்காப்புச் சங்கம் சொல்கிறவற்றில் பலவும் எங்கள் நிகழ்ச்சி நிரலில் வரிசையாக இருக்கின்றன.

நடை அப்படியல்ல. சொனோன்யோ கடல் மட்டத்திலிருந்து 918 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, லாவெர்தெட்சோ 536 மீட்டரில். இடையில் ஏறக்குறைய 13, 14 கிலோமீட்டர். இந்தப் பாதைக்குச் செந்தியெரோனே என்று பெயர். முழுப்பாதை இன்னும் கீழே தெனெரோ வரை போகிறது, எங்களுக்குப் பாதி போதும். நிற்காமல் நடந்தால் நான்கு மணி நேர அளவு. எங்கள் கூட்டம் நிற்காமல் நடக்கப் போவதில்லை, ஆகவே ஆறு, ஏழு மணி நேரம் என்று வையுங்கள். மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளில் போட்டிருக்கும் நேரம் ஓய்வைச் சேர்க்காத நேரம் என்பதையும் பெற்றோருக்குச் சொல்லிவிடுங்கள்.

"அம்மம்மாக்கள் வருவார்களே, சின்னப் பிள்ளைகள் வருவார்களே" என்று கேட்பீர்கள். அதற்காகத்தான் இந்தப் பள்ளத்தாக்கைச் சொல்கிறேன். பாதை ஆற்றோடு போகிறது, பஸ் ஓடும் வீதியும் கிட்டத்தட்ட அதே ஆற்றோடு போகிறது. ஃபிராஸ்கோ, ஜெர்ரா, பிரியோனே என்று ஊர்கள் வரும், ஒவ்வொன்றிலும் பஸ் தரிப்பிடம் இருக்கும். முழங்கால் நோகிறவர்கள் ஃபிராஸ்கோவில் ஏறலாம். பாதி வழி போதும் என்பவர்கள் பிரியோனேயில் ஏறலாம். மிச்சப்பேர் லாவெர்தெட்சோ வரை நடக்கலாம். மலையில் ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போகும்போது இப்படி இடையிடையே வெளியேற வழி கிடைப்பது லேசில்லை. பல பாதைகளில் ஏறத் தொடங்கினால் முடிக்கத்தான் வேண்டும். ஆனால் தள்ளுவண்டி மட்டும் வேண்டாம். கல்படியும் மரவேருமாக இருக்கிற பாதை அது.

மேலிருந்து கீழே வருவதில் இன்னொரு நன்மை, பிள்ளைகள் ஆறு வளர்வதைப் பார்ப்பார்கள். சொனோன்யோவுக்குக் கீழே பள்ளத்தாக்கு அகலமானது. பனியாறு குடைந்த பள்ளம், அடி தட்டை, இரண்டு பக்கமும் செங்குத்து. ஆறு அங்கே வெள்ளைக் கூழாங்கல் படுகையில் பரந்து ஓடும். பிரியோனேக்குக் கீழே பள்ளத்தாக்கு இறுகும். மலையிலிருந்து விழுந்த வீட்டளவு பாறைகளுக்குள் ஆறு நுழைந்து நுழைந்து வரும். லாவெர்தெட்சோவை நெருங்கும்போது கல்லையே வழுவழுப்பாகத் தேய்த்து, சாம்பலும் வெள்ளையும் கறுப்புமாகக் கோடு கோடாக வைத்திருக்கும். அது நைஸ் (gneiss) என்கிற பாறை. அந்த வரிகளை ஆறு வரையவில்லை. ஆழத்தில் அழுத்தத்திலும் வெப்பத்திலும் உண்டானவற்றை ஆறு திறந்து காட்டுகிறது.

தண்ணீர் ஏன் இப்படிப் பச்சை என்று கட்டாயம் ஒரு பிள்ளை கேட்கும். பெரிய பனியாறுகள் உள்ள பள்ளத்தாக்குகளில் ஆறு பால் கலந்த மாதிரி மங்கலாக ஓடும், பனி அரைத்த கல்மாவு அதில் கலந்திருப்பதால். வெர்சாஸ்காவின் நீரேந்து பரப்பில் இப்போது பனியாறு இல்லை. வருவது பனி உருகிய நீரும் மழையும் ஊற்றும்தான். அதனால் தெளிவு. தெளிந்த ஆழமான தண்ணீர் வெளிச்சத்தின் சிவப்புப் பங்கை விழுங்கிவிடும், அடியில் வெளிர்நிறக் கல், ஆகவே கண்ணுக்குப் பச்சை. இந்தத் தெளிவில் ஒரு ஆபத்தும் உண்டு: மூன்று மீட்டர் போலத் தெரிவது நான்கு மீட்டராக இருக்கும்.

வழியில் நிற்க இடங்களுக்குப் பஞ்சமில்லை. சொனோன்யோவில் பள்ளத்தாக்கின் அருங்காட்சியகம் இருக்கிறது, செடிகொடிகளால் கம்பளிக்குச் சாயம் போடுகிற பட்டறையும் இருக்கிறது. ஊருக்குப் பக்கத்தில் லா ஃபுரோதா அருவி. நேரமிருந்தால் போய் வரலாம், இல்லாவிட்டாலும் குறையில்லை. பிரியோனேயின் தேவாலயத்துக்குள் 14ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள். அங்கிருந்து கீழே பாதையோரம் சிற்பங்களும் கலைப்படைப்புகளும் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கால் வலிக்கத் தொடங்கும் நேரத்தில் அது நன்றாகக் கைகொடுக்கும், "அடுத்தது எங்கே" என்று தேடிக்கொண்டே ஒரு மணி நேரம் நடந்துவிடுவார்கள்.

தமிழ்ப் பாடசாலை என்ற முறையில் நீங்கள் கட்டாயம் நின்று கதைக்க வேண்டிய விடயம் ஒன்று இருக்கிறது. இன்றைக்குச் சுற்றுலாப் படங்களில் வடிவாகத் தெரிகிற இந்தக் கல்வீடுகள் பசியில் கட்டியவை. மேலே நிலம் போதாது. ஒரே குடும்பம் குளிர்காலத்தில் கீழே மகாதினோ சமவெளிப் பக்கம் திராட்சைத் தோட்டத்திலும், கோடையில் மாடாடுகளோடு மேலே மேய்ச்சல் நிலத்திலும் என்று வருடம் முழுக்க மூட்டை கட்டிக்கொண்டே இருந்தது. மாடு போகமுடியாத செங்குத்துச் சரிவுகளில் மனிதர் ஏறிப் புல் வெட்டினார்கள். அதுவும் போதாமல், சின்னப் பையன்களைக் குளிர்காலத்தில் மிலானுக்கும் மற்ற வட இத்தாலிய நகரங்களுக்கும் புகைபோக்கி துடைக்க அனுப்பினார்கள். ஒடுங்கிய புகைபோக்கிக்குள் ஏறச் சிறிய உடம்பு வேண்டும், அதுதான் காரணம். 1850களில் இந்தத் திச்சினோ பள்ளத்தாக்குகளிலிருந்து ஆண்கள் அவுஸ்திரேலியாவுக்கும் கலிபோர்னியாவுக்கும் தங்கம் தேடிக் கப்பலேறினார்கள், பலர் திரும்பவில்லை.

பஸ்ஸில் போகும்போது லாவெர்தெட்சோவுக்குக் கீழே, பக்கவாட்டுச் சரிவில் கொரிப்போ தெரியும். சுவிஸிலேயே ஆகக் குறைந்த மக்கள் கொண்ட நகராட்சியாக இருந்து, 2020இல் மற்ற ஊர்களோடு வெர்சாஸ்கா என்ற ஒரே நகராட்சிக்குள் சேர்ந்த ஊர். வெறுமையாகிப்போன அதன் வீடுகள் சிலவற்றை இப்போது விடுதி அறைகளாக மாற்றியிருக்கிறார்கள். பெற்றோர் ஏன் ஊரைவிட்டு வந்தார்கள் என்று எங்கள் பிள்ளைகளுக்கு வகுப்பறையில் சொல்லிப் பார்த்திருக்கிறோம். இந்த நாட்டுக்காரரும் ஊரைவிட்டுப் போனவர்கள்தான், அதுவும் இந்தக் கல்வீட்டிலிருந்துதான் என்று அந்த வாசலில் நின்று சொன்னால், அந்தப் பாடம் வேறு மாதிரி ஏறும். பேச்சுப்போட்டிக்குத் தலைப்புத் தேடி நீங்கள் படும் பாட்டுக்கும் இது உதவும்.

சரி, ஆற்றுக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் கடுமையாகவே எழுதப்போகிறேன்.

எங்கள் பிள்ளைகள் நீந்தத் தெரிந்தவர்கள். பாடசாலை நீச்சல் பாடத்துக்குப் போனவர்கள். பலர் பேர்னில் ஆறே (Aare) என்கிற ஆற்றிலும் சூரிச்சில் லிம்மாத் ஆற்றிலும் மிதந்து வந்திருக்கிறார்கள். அதனால் ஆறு என்றால் தங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறார்கள். ஆறேயிலும் லிம்மாத்திலும் ஆபத்து இல்லாமல் இல்லை, ஆனால் அங்கே ஏறி இறங்கப் படியும் பிடிகம்பியும் வைத்த இடங்கள் இருக்கின்றன. வெர்சாஸ்காவில் தண்ணீர் பாறைகளுக்கு மேலால் மட்டும் போவதில்லை, அடியாலும் போகிறது. பாறைக்கு அடியிலுள்ள ஒரு துவாரம் தண்ணீரை இழுக்கும்போது மேலே ஒன்றும் தெரியாது. சிறு அருவி விழும் இடத்தில் வெள்ளையாக நுரைக்கிறதே, அந்தத் தண்ணீரில் பாதி காற்று. அது உடம்பைத் தாங்காது, நல்ல நீச்சல்காரனும் அதில் அமிழ்வான். ஈரமான வழுவழுப்புப் பாறையில் வெறுங்காலோடு நின்று செல்ஃபி எடுப்பவர் நீந்த நினைத்திருக்கவே மாட்டார், ஆனால் சறுக்கினால் அவரும் ஆற்றுக்குள்தான்.

குளிரை எவரும் கணக்கில் எடுப்பதில்லை. வெளியே முப்பது பாகை வெயில், தண்ணீர் மலைத் தண்ணீர். திடீரென்று இறங்கினால் முதல் ஒரு நிமிடம் மூச்சு உங்கள் சொல் கேட்காது; தானாக வாய் திறந்து இழுக்கும். அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்தால் இழுப்பது தண்ணீரைத்தான். அதைத் தாண்டினாலும் பத்து நிமிட அளவில் கைகாலில் பலம் குறையத் தொடங்கும். ஆகவே மெல்ல இறங்கவேண்டும், கையும் முகமும் நெஞ்சும் நனைத்துவிட்டு இறங்கவேண்டும், கொஞ்ச நேரத்தில் ஏறிவிடவேண்டும். நடந்து களைத்து வியர்த்து வருகிறவர்களுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். என் திட்டத்தில் உள்ள பலவீனம் இதுதான், அதை மறைக்க விரும்பவில்லை. லாவெர்தெட்சோவுக்கு வந்தவுடன் ஓடிப்போய்க் குதிக்கிற ஆசை எல்லோருக்கும் வரும். வந்ததும் அரை மணி நேரம் இருந்து, தண்ணீர் குடித்து, பெயர்ப் பட்டியல் சரிபார்த்த பிறகுதான் ஆறு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நீர்ப் பாதுகாப்புச் சோதனை என்று ஒன்று இந்த நாட்டில் பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள்: ஆழத்தண்ணீரில் உருண்டு விழவேண்டும், ஒரு நிமிடம் மிதக்கவேண்டும், 50 மீட்டர் நீந்தவேண்டும். அதைச் செய்யாத பிள்ளை கரையோரம் காலை நனைக்கலாம், அவ்வளவுதான். செய்த பிள்ளையும் ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தால் மட்டும். சின்னப் பிள்ளை என்றால் கைக்கெட்டும் தூரத்தில். "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் ஒருவரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். யார் எந்த ஐந்து பிள்ளைகளுக்குப் பொறுப்பு என்று பெயர் போட்டு எழுதுங்கள். பெற்றோரில் பலருக்கு, முக்கியமாக எங்கள் தலைமுறை அம்மாமாருக்கு, நீந்தவே தெரியாது. பிள்ளை தத்தளித்தால் அவர்கள்தான் முதலில் பாய்வார்கள். அவர்களுக்குத் தனியாகச் சொல்லுங்கள்: பாயாதீர்கள், கயிறோ தடியோ துவாயோ நீட்டுங்கள், கத்துங்கள், அம்புலன்ஸுக்கு 144 அடியுங்கள்.

அடுத்தது வானம். லாவெர்தெட்சோவுக்கு மேலே இந்த ஆற்றில் பெரிய அணை ஒன்றும் இல்லை. நாங்கள் புகைப்படம் எடுக்கிற 220 மீட்டர் உயர அணை கீழே, வொகோர்னோ ஏரிக்கு அருகில், 1965இல் கட்டி முடித்தது. பாலத்தடிக்கு மேலே அணை இல்லை என்றால் பயமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். தடுத்து வைக்க ஒன்றும் இல்லை என்பதுதான் அதன் பொருள். செங்குத்து மலை, மெல்லிய மண், அதன் கீழே கல். மேலே சொனோன்யோ பக்கம் ஒரு இடிமழை கொட்டினால் அது நிலத்தில் ஊறாது, நேராக ஆற்றுக்கு வரும். பாலத்தடியில் வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ஏறலாம். சுவிஸிலேயே மின்னல் அதிகம் விழுகிற பகுதிகளில் திச்சினோவும் ஒன்று. கோடையில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும்தான் வரும். பக்கத்து மாஜியா பள்ளத்தாக்கில் 2024 ஜூன் 29 இரவு பெய்த மழை என்ன செய்தது என்று நீங்கள் எல்லோரும் செய்தியில் பார்த்தீர்கள்: விஸ்லெத்தோ பாலம் உடைந்தது, ஃபொன்தானாவில் மலை சரிந்து உயிர்கள் போயின.

ஆகவே முதல்நாள் மாலையும் அன்று காலையும் வானிலை அலுவலகமான மெட்டியோசுவிஸின் எச்சரிக்கையைப் பார்க்க ஒருவரை நியமியுங்கள். லாவெர்தெட்சோவில் கூட்டாட்சிச் சுற்றாடல் அலுவலகத்தின் அளவை நிலையம் இருக்கிறது, ஆற்று நீரின் அளவை இணையத்தில் அப்படியே பார்க்கலாம். மேலே கருமேகம், தண்ணீர் கலங்குகிறது, குச்சியும் இலையும் மிதந்து வருகின்றன என்றால் பொருட்களைப் பொறுக்கிக்கொண்டு நிற்காமல் எல்லோரும் கரையேறவேண்டும். முன்னெச்சரிக்கை போட்டிருந்தால் நாளை மாற்றுங்கள். மண்டபத்துக்குக் கட்டிய காசு போகுமே என்ற பேச்சு இதற்குப் பொருந்தாது, ஆற்றுக்கு மண்டபக் காசு இல்லை.

மற்ற ஒழுங்குகள் சுலபமானவை. வாடகைக்குப் பிடிக்கிற பெரிய பஸ்ஸை விடுங்கள், அந்த வீதி ஒடுக்கம், நிறுத்த இடமும் இல்லை. கொத்தார்ட் சுரங்கத்தால் சூரிச்சிலிருந்து பெலின்சோனாவுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் ரயிலில் போய்விடலாம். அங்கிருந்து தெனெரோ, தெனெரோவிலிருந்து மஞ்சள் பஸ்ஸில் சொனோன்யோ. பத்துப் பேருக்கு மேல் என்றால் குழுச்சீட்டு எடுங்கள், பஸ்ஸுக்கு முன்கூட்டியே அறிவித்து இடம் பதியுங்கள். திரும்பும்போதுதான் சிக்கல்: பாலத்தடியில் மாலைப் பஸ்கள் நிரம்பி வழியும், ஆகவே திரும்பும் பஸ்ஸையும் அப்போதே பதிந்துவிடுங்கள்.

சப்பாத்து நல்ல அடிப்பிடிப்புள்ளதாக இருக்கட்டும், பாட்டா செருப்போடு வருபவரை ரயிலடியிலேயே திருப்பி அனுப்புங்கள். ஆற்றடிக்கு ஒரு பழைய சப்பாத்து தனியாக வைத்திருந்தால் இன்னும் நல்லது. மதியச் சாப்பாட்டை அவரவர் முதுகுப்பையில் கொண்டுவரட்டும். கிரில் அடுப்பு வேண்டாம். வறட்சிக் காலத்தில் திச்சினோவில் வெளியில் தீ மூட்டுவதற்கே முழுத்தடை போடுவார்கள். ஒலிபெருக்கியும் வேண்டாம், ஆற்றுச் சத்தத்தோடு போட்டி போட்டு அது வெல்லப் போவதில்லை. வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பிலும் அக்குளிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பாதையில் வழி தவறுவது கடினம். ஆனாலும் மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளில் அந்த இடத்தின் பெயரும் உயரமும் எழுதியிருக்கும், அதை வாசிக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். உதவி கேட்டு ஹெலிகொப்டர் மீட்புச் சேவையான ரேகாவுக்கு 1414இல் அழைக்கும்போது "ஒரு மரத்துக்குப் பக்கத்தில்" என்று சொல்வதைவிட அந்தப் பெயரைச் சொல்வது நல்லது. இந்தப் பாதைகள் யாரோ தானமாக விட்டவையும் அல்ல. 1979இல் மக்கள் வாக்களித்து நடைபாதைகளை இந்த நாட்டின் அரசியலமைப்பிலேயே சேர்த்தார்கள். 65,000 கிலோமீட்டர் பாதையைப் பராமரிக்கிற செலவில் எங்கள் வரியும் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக வரி கட்டிக்கொண்டு வாகனத் தரிப்பிடத்தையும் பாலத்தடியையும் மட்டும் பார்த்துவிட்டு வருகிறோம், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"வழக்கத்தை மாற்றினால் சனம் வராது" என்று ஒருவர் கூட்டத்தில் சொல்வார். முதல் ஆண்டு குறைவாகத்தான் வருவார்கள், அதை ஏற்கிறேன். எண்பது பேர் வந்து ஒருவரோடொருவர் கதைக்காமல் போவதைவிட, முப்பது பேர் சேர்ந்து நடப்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது. நடக்கும்போது பதின்ம வயதுப் பிள்ளைகள் வாய் திறந்து கதைப்பார்கள். பக்கத்துப் பக்கமாக நடப்பதால் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை, அது அவர்களுக்கு வசதி. தமிழில் கதைக்கவைக்க நீங்கள் வைக்கிற எந்தப் போட்டியும் செய்யாததை ஒரு நீண்ட நடை செய்யும்.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை எடுத்துக் கதையுங்கள். முழு நடைக்கு உடன்பாடு இல்லையென்றால் பிரியோனேயிலிருந்து லாவெர்தெட்சோ வரையாவது நடப்போம், அது ஒன்றரை, இரண்டு மணி நேரம்தான். அதற்கும் மனமில்லை, பாலத்தடிதான் என்றால், துண்டுப்பிரசுரத்தைத் திருத்தி அனுப்புங்கள்: யார் தண்ணீரில் இறங்கலாம், யார் இறங்கக்கூடாது, பொறுப்பாளர் யார், வானம் கறுத்தால் எங்கே கூடுவது. ஜூலை மாதத்தில் ஒரு நாள் முன்கூட்டியே போய்ப் பாதையைப் பார்த்து வர நான் ஆயத்தம். உங்களில் இரண்டு பேர் கூட வந்தால் போதும், சாப்பாடு நான் கட்டி வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஒன்றுகூடல்களில் தேநீர் ஊற்றும் பெற்றோரில் ஒருவர்